பிரேக்கை நான் பிடிச்சுக்கறேன்

அவளுடைய வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். பேருந்தில் போகும்போது முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், இவள் கால் தரையை மிதிக்கும். யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால் மிதிக்கும். சோபாவில் சாய்ந்து டி.வி. பார்க்கும்போது கதாநாயகன் வண்டியைச் சர்ரென்று வளைத்தால், அப்போதும் 'டம்' என்று ஒரு மிதி. கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை படியேறி வந்து, "மேல என்னம்மா இடிக்கிறீங்க?" என்றே கேட்டுவிட்டார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் பக்கம் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையிலும், ஆசிரியரின் காலடியில், ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மின்கம்பத்தோடு உறவாடப் போகும்போதெல்லாம் அவளுடைய கால்தான் குறுக்கே விழுந்து தடுக்கும். பல வருஷப் பழக்கம், எங்கே உட்கார்ந்தாலும் காலோடு கூடவே வந்தது. அப்பாதான் முதலில் 'பிரேக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது வீட்டுக்கும் தெருவுக்கும் அதுவே பெயர்.

பள்ளி அப்பாவுடையது. தையல் கடைக்குக் கீழே இரண்டு அறை, சுவர் நிறையச் சாலைக் குறியீடுகள், மேசை மேல் நாற்சந்தி வரைந்த பலகை, அதில் நகர்த்திக் காட்டப் பொம்மைக் கார்கள். வெளியே முற்றத்தில் மஞ்சள் நிறப் பயிற்சி வண்டி. வண்டிக்குள் அப்பா தன் கையாலேயே எழுதி ஒட்டிய ஒரு வாசகம்: 'இங்கே அரசியல் பேசக் கூடாது. குடும்பக் கதையும் கூடாது.' எப்போதோ தேர்தல் சமயத்தில் ஒருவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டி வாதாடியதில், வண்டி நேராகப் பூங்காவுக்குள் போய் ரோஜாப் பாத்தியில் நின்றது. அன்றிலிருந்து அந்தச் சட்டம்.

அந்தச் சட்டத்தை அவள் ஒரே ஒருமுறை மீறியிருந்தாள். அது ஒரு பட்டாளத்துக்காரனுக்காக.

அவன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவன். "அங்க ஓட்டுற உரிமம் வெளியில செல்லாதாம் டீச்சர். சின்ன வண்டிக்குத் தனியா ஒண்ணு எடுக்கணுமாம்" என்று தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். முதல் நாள் ஊரின் நெரிசலான கடைத்தெரு வழியாகக் கூட்டிப் போனாள். திரும்பி வந்து இறங்கும்போதுதான் கவனித்தாள்: காலுக்கு வேலையே வரவில்லை. பிரேக்கின் மேல் வைத்த கால் பூனைக்குட்டி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தை குறுக்கே ஓடும் முன்பே அவன் மெதுவாக்கியிருந்தான், கதவு திறக்கும் முன்பே ஒதுங்கியிருந்தான்.

"எங்க கத்துக்கிட்டீங்க இப்படி?" என்று கேட்டாள்.

"பின்னாடி இருபது பேர் உக்காந்திருப்பாங்க டீச்சர். எல்லார் வீட்லயும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல? அதை நினைச்சுக்குவேன். வேற ரகசியம் ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். அதன்பிறகு இருவரும் குடும்பக் கதையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவனுக்கு அவள் வைத்த பெயர் 'நிதானம்'. அப்பா சம்மதித்தார். "இவனாவது உன் காலுக்கு ஓய்வு கொடுப்பான்" என்றாள் அம்மா. அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று நாளும் குறித்தாயிற்று.

நாள் குறித்த கையோடு செய்தி வந்தது.

எல்லையில் சண்டை தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கணவாய் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. இந்தப் பக்கம் கொஞ்சம் பேர், அந்தப் பக்கம் கொஞ்சம் பேர், இடையில் பனி. பக்கத்து நாடு பேச வருகிறேன் என்றது. முதலில் நீ பின்னால் போ, அப்புறம் பேசலாம் என்றது இந்த நாடு. அவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். இப்போது இன்னும் பெரிய படையை அனுப்பத் தீர்மானம் வரப்போகிறது. அது நிறைவேறினால் நிதானத்தின் பிரிவுதான் முதலில் கிளம்பும். கல்யாணம் தள்ளிப்போவது சின்ன விஷயம். கணவாய்க்குப் போன லாரிகளில் சில திரும்பி வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தீர்மானத்துக்கு ஓட்டுப் போடப்போகிறவர்களில் ஒருவர், வாரம் மூன்று நாள் காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார்.

எம்.பி. மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். கைத்தறிச் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி, எதற்கும் சட்டென்று சிரிக்கிற வாய். இந்த வயதில் எதற்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று முதல் நாளே அவரே சொன்னார்.

"கட்சி எனக்கு வண்டி கொடுத்திருக்கு, டிரைவர் கொடுத்திருக்கு. நல்ல பையன். நான் யார்கிட்ட போன்ல பேசினாலும் அரைமணி நேரத்துல கொறடாவுக்குத் தெரிஞ்சிடும். அவ்வளவு நல்ல பையன். கட்சிக்குத் தெரியாம ஒரு இடத்துக்காவது நானே போயிட்டு வரணும் டீச்சரம்மா. தங்கச்சி வீடானாலும் சரி."

கட்சியின் கொறடா என்றால் உறுப்பினர்களை வரிசையில் நிறுத்தி ஓட்டுப் போட வைக்கிறவர். அவர் கண்ணை உருட்டினால் அமைச்சர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்களாம்.

மேடம் கெட்டிக்காரர்தான், ஒரே ஒரு கோளாறு. பயந்தால் பிரேக்கை மிதிப்பதற்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவார். முகவாயைத் தூக்குவார், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்குவார், வண்டி பறக்கும். அந்த முகவாய் உயர்ந்தாலே பிரேக்கின் கால் தயாராகிவிடும். 'டம்' என்ற சத்தம் கேட்டதும் மேடமும் தன் காலை எடுத்துவிடுவார். இப்படியே இருவருக்கும் ஒரு பேச்சில்லாப் பேச்சு உண்டாகியிருந்தது.

"நீ மேடம்கிட்ட கேளேன்" என்று அம்மா நச்சரித்தாள்.

"வாயத் தொறந்தா பார்!" என்று அப்பா சுவரிலிருந்த சாலைக் குறியீடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் பெரிய மனுஷி. படிக்க வந்தவங்களை மடக்கி மனு கொடுக்கிறது மரியாதை இல்ல. சட்டம் சட்டந்தான்."

அவளும் கேட்பதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் மனசில் அடைத்து வைத்தது எந்த வழியாக வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்? அன்று காலை மேடம் வலதுபக்கம் திரும்ப வேண்டும். அவள் வழக்கமான குரலில், வழக்கமான வரிசையில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கண்ணாடி பாருங்க மேடம். சிக்னல் போடுங்க. கிளட்ச். ரெண்டாவது கியர். படை அனுப்பாதீங்க. மெதுவா வலது பக்கம் ஒடிங்க."

"சரி, சரி" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த மேடம், பாதி வளைவில்தான், "என்னது?" என்றார். முகவாய் உயர்ந்தது. டம்!

வண்டி ஒரு பழக்கடை முன்னால் குலுங்கி நின்றது. கடைக்காரர் இரண்டு கையாலும் ஆரஞ்சுக் குவியலை அணைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க மேடம். வாய் தவறி..."

"தவறி வந்த மாதிரி தெரியலையே. கியருக்கு அப்புறம் கச்சிதமா வந்துச்சு." மேடம் சிரிக்கவில்லை. "உங்கம்மா சொன்னாங்களே, அந்தப் பட்டாளத்து மாப்பிள்ளைக்காகவா?"

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டதுல தப்பில்லம்மா. கேக்கத்தான் எங்களை அனுப்புறீங்க. ஆனா என் நிலைமையைச் சொல்றேன். நேத்து ஒரு அம்மா வந்தாங்க. அவங்க மகன் ஏற்கனவே கணவாய்ல இருக்கான். 'என் புள்ளைய அங்க தனியா விட்டுடாதீங்க, இன்னும் ஆள் அனுப்புங்க'ன்னு கையைப் பிடிச்சு அழுறாங்க. இப்ப நீ அழுற. ஒருத்தி போகச் சொல்றா, ஒருத்தி போகாதேங்கறா. உன் மாப்பிள்ளை ஒருத்தனுக்காக நான் கையைத் தூக்க முடியுமா, இறக்க முடியுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பச் சொன்னாள். மீதிப் பாடம் முழுக்க இருவரும் கண்ணாடி, சிக்னல், கியரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

மத்தியானம் நிதானம் வந்தான். அரைநாள் அனுமதி. வந்ததும் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். சும்மா உட்காரத் தெரியாத ஜாதி. அவள் நடந்ததைச் சொன்னாள். ரெண்டாவது கியர் வரும் வரை சிரித்துக்கொண்டே கேட்டவன், கடைசியில் துணியைப் பிழிந்து பானெட் மேல் போட்டான்.

"எனக்காகவா கேட்ட?"

"பின்ன பக்கத்து வீட்டுக்காரருக்காகவா?"

"கோவிச்சுக்காத. அங்க இருக்கிறவனுங்க என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவனுங்க. அவனுங்கள விட்டுட்டு என்னை மட்டும் நிறுத்துன்னு கேட்டா, நாளைக்கு நான் எவன் மூஞ்சியில முழிக்கிறது?"

"அப்ப போறேங்கறியா? தலையில தொப்பிய மாட்டிக்கிட்டு டாட்டா காட்டுறேங்கறியா?"

"போனாலும் தீரலையே, அதுதான் விஷயம்" என்றான் அவன். "நாம நூறு பேர் அனுப்பினா அவங்க இருநூறு பேர் அனுப்புவாங்க. அந்தப் பாதையில ஒரு நேரத்துல ஒரு லாரிதான் போகும், பிரேக்கு. ஆளுக்கு ஆள் வண்டிய உள்ள விட்டுக்கிட்டே இருந்தா எவனும் திரும்பி வர முடியாது. கேக்கிறதா இருந்தா எல்லாரும் திரும்பி வர்ற வழியக் கேளு. நான் வர்றது அதுக்குள்ள அடக்கம்."

அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு, "கண்ணாடிய ஒழுங்காத் துடை, கோடு கோடா இருக்கு" என்றாள். அவனுக்குப் புரிந்தது. கோபம் இறங்கினால்தான் அவள் குறை சொல்ல ஆரம்பிப்பாள்.

அடுத்த பாடத்துக்கு மேடம் வருவாரா என்று அப்பா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். மேடம் வந்தார். வழக்கம்போலச் சிரித்தார், வண்டியில் ஏறினார். அன்று ரிவர்ஸ் பாடம். அகலமான மைதானத்துக்குப் போக வேண்டும். மேடம் ஒரு குறுக்குவழி தெரியும் என்றார். அரசியல்வாதிக்குக் குறுக்குவழி தெரியும் என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

வழி ஒரு சந்து. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள், மாடியில் காயும் துணிகள், கதவோரம் செருப்புகள். பாதிச் சந்து போனதும் எதிரே ஒரு சாமான் வண்டி வந்து நின்றது. மேலே பீரோ, கட்டில், அதன்மேல் தலைகீழாக நாற்காலிகள். யாரோ வீடு மாறுகிறார்கள். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு.

சாமான் வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "பின்னாடி எடும்மா!"

மேடத்தின் முகவாய் உயர்ந்தது. "நான் ஏன் எடுக்கணும்? சந்துக்குள்ள முதல்ல வந்தது நான். நீங்க எடுங்க."

"என் வண்டியப் பாருங்க, உங்க வண்டியப் பாருங்க! எது சுலபம்?"

"சுலபம் இல்ல, நியாயம் எதுன்னு பாருங்க!"

அவர் ஹாரன் அடித்தார். மேடமும் அடித்தார். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதற்குள் சாமான் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது, அதன் பின்னால் இன்னொரு கார். மஞ்சள் வண்டிக்குப் பின்னாலும் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, என்ன விஷயம் என்று தெரியாமலேயே தன் ஹாரனையும் சேர்த்துக்கொண்டார். கேட்கவேண்டுமா? ஒரு கச்சேரியே நடந்தது.

"பார்த்தீங்களா மேடம், ஆளுக்கு ஆள் பின்னாடி சேர்ந்துக்கிட்டே இருக்காங்க" என்றாள் பிரேக்கு. நிதானம் சொன்னதை நினைத்துச் சொல்லவில்லை. கண்ணாடியில் தெரிந்ததைத்தான் சொன்னாள்.

மேடம் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக் கூடாத ரகசியம் போல, "டீச்சரம்மா, எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது" என்றார்.

"தெரியும் மேடம். இன்னிக்குத்தானே அந்தப் பாடம்."

"அதுக்குத்தான் நியாயம் பேசிட்டிருக்கேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சொல்லிவிட்டுத் தானே குபீரென்று சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகத்தில் கவலை வந்தது. "இப்ப என்னதான் பண்றது? நீ ஓட்டுறியா?"

பிரேக்கு பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஸ்கூட்டர்காரருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி. அவள் ஓட்டினாலும் பின்னால் போக இடமில்லை. சாமான் வண்டிக்காரருக்கும் அதே கதி. பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால், ஒரு வீட்டின் பெரிய இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அது திறந்தால் ஒரு கார் மூக்கை நுழைத்து ஒதுங்கலாம். ஆனால் அதற்குச் சாமான் வண்டி இரண்டடி நகர வேண்டும், வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும்.

"நீங்க இறங்கிப் பேசுங்க மேடம்" என்றாள்.

"சரிவா இருக்கே. ஹேண்ட்பிரேக்கும் சரியாப் பிடிக்காது. வண்டி உருண்டுட்டா?"

"பிரேக்கை நான் பிடிச்சுக்கறேன். நீங்க போய்ப் பேசிட்டு வாங்க."

மேடம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு நடந்ததை பிரேக்கு முன்கண்ணாடி வழியாக ஊமைப் படம் போலப் பார்த்தாள். மேடம் சாமான் வண்டிக்காரரிடம் போனார். அவர் கையை வீசினார். மேடம் கட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார். அவர் வீசிய கையை இறக்கினார். பெண்ணுக்குக் கல்யாணமாம், பெரிய வீட்டுக்கு மாறுகிறாராம், மேடம் அப்புறம் சொன்னார். அதைச் சொல்லும்போதே அவர் கோபம் பாதி இறங்கிவிட்டதாம். மேடம் இரும்புக் கதவைத் தட்டினார். ஒரு பெரியவர் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து, முடியாது என்று தலையாட்டி, இன்னும் கொஞ்சம் பேசி, கதவை அகலத் திறந்தார். ஸ்கூட்டர்காரரை மேடம் ஒரு பார்வை பார்த்தார். அவர் தானாகவே பின்னுக்குப் போனார்.

இத்தனை நேரமும் அவளுடைய கால் பிரேக்கை விடவில்லை. தொடை வலித்தது. ஆனாலும் இந்த வலியில் ஒரு சுகம் இருந்தது.

சாமான் வண்டி இரண்டடி பின்னால் போனது. மேடம் வந்து ஏறி, முதல் கியரில் மூக்கைத் திருப்பி, பெரியவரின் வாசலுக்குள் ஒதுங்கினார். கட்டிலும் பீரோவும் உரசாமல் கடந்து போயின. வண்டிக்காரர் தலையை நீட்டி, "கல்யாணத்துக்கு வந்துடுங்கம்மா!" என்று கத்திவிட்டுப் போனார்.

மேடம் வண்டியை அணைத்தார். பெரியவர் வீட்டுப் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நேத்து அழுத அந்த அம்மாவுக்கும் உனக்கும் ஒரே பதில்தான் இருக்கு போல, டீச்சரம்மா" என்றார் கடைசியில். "இருக்கிறவனைத் தனியா விடக்கூடாது. புதுசா எவனையும் உள்ள விடக்கூடாது. நடுவுல ஒருத்தர் இறங்கிப் பேசணும்."

"அரசியல் பேசக் கூடாது மேடம்" என்று அவள் அப்பாவின் வாசகத்தைக் காட்டினாள்.

"வண்டி நிக்குதுல்ல? நிக்கிற வண்டியில பேசலாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

ஓட்டெடுப்பு நாளுக்குப் பார்வையாளர் மாடத்துக்கு மேடத்திடமிருந்து இரண்டு அனுமதிச் சீட்டு வந்தது. அப்பா கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டையை முன்கூட்டியே போட்டுக்கொண்டார். "வாயத் திறக்கக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. போட்டிருக்கான் பார்" என்று சீட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். காலைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை.

மாடத்தில் மரத்தரை. கீழே சபை, அரைவட்டமாக நாற்காலிகள். கட்சி இந்தத் தீர்மானத்துக்கு உத்தரவு போடவில்லை, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று பத்திரிகையில் வந்திருந்தது. ஆனாலும் முன்வரிசையில் தடித்த புருவத்தோடு கொறடா உட்கார்ந்திருந்தார். மேடத்தின் பெயர் கூப்பிடப்படும் சமயம் பார்த்து அவர் எழுந்து வந்து, அச்சடித்த சில தாள்களை மேடத்தின் கையில் வைத்து, காதோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். படிக்க ஆரம்பித்தார்.

"அவைத்தலைவர் அவர்களே, நமது வீரர்களின் தியாகத்தை மனதிற்கொண்டு, காலதாமதமின்றி, கூடுதல் படைகளை..."

பிரேக்கு கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். இது மேடத்தின் பேச்சே இல்லை. அப்போதுதான் பார்த்தாள்: முகவாய் உயர்ந்திருந்தது. இரண்டு கையும் தாளை ஸ்டியரிங் மாதிரி இறுக்கியிருந்தன. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து ஓடின. வேகம், வேகம், இன்னும் வேகம். முன்னால் சுவர்!

டம்!

மரத்தரை இடி இடித்தது. சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. அப்பா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். காவலர் ஒருவர் ஓடி வந்து அவள் தோளைத் தொட்டார்.

கீழே, மேடம் வாக்கியத்தின் நடுவில் சடாரென்று நின்றிருந்தார்.

"வாங்கம்மா வெளியே" என்றார் காவலர். அவள் கூனிக் குறுகி எழுந்தாள். என்ன காரியம் செய்துவிட்டோம்! நடைபாதைக்கு வந்ததும் தூணோடு சாய்ந்துகொண்டாள்.

"நான் வேணும்னு பண்ணலைங்க. என் கால்..."

"கால் மேல வழக்குப் போட முடியாதும்மா" என்றார் காவலர். நரைத்த மீசைக்காரர். கதவை மூடப் போனவர், உள்ளே கேட்ட குரலில் நின்றார். கதவைக் கொஞ்சம் திறந்தே பிடித்துக்கொண்டார். "வெளிய அனுப்பணும்னுதான் விதி. கதவைச் சாத்தணும்னு விதி இல்ல. நீயும் கேளு."

மேடத்தின் குரல் இப்போது மெதுவாக, தெளிவாக வந்தது.

"மன்னிக்கணும் அவைத்தலைவர் அவர்களே. கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். எனக்குப் பயம் வந்தா அப்படித்தான், பிரேக்குக்குப் பதிலா வேற எதையோ மிதிச்சிடுவேன். கார் ஓட்டக் கத்துக்கிட்டிருக்கேன்."

சபையில் சிரிப்பு எழுந்தது.

"நீங்க சிரிங்க. ஆனா ஒரு கேள்வி. இந்தச் சபையில எத்தனை பேருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியும்? போன வாரம் ஒரு சந்துல மாட்டிக்கிட்டேன். எதிர்ல ஒரு வண்டி. ரெண்டு பேரும் நியாயம் பேசினோம். எங்க நியாயத்தைக் கேட்டு ரெண்டு பக்கமும் இன்னும் நாலு வண்டி வந்து சேர்ந்துச்சு. வண்டி கூடினதுல வழி கிடைச்சுதா? இருந்த வழியும் போச்சு. அப்ப என் டீச்சர் ஒண்ணு சொன்னாங்க. 'பிரேக்கை நான் பிடிச்சுக்கறேன், நீங்க இறங்கிப் பேசிட்டு வாங்க'ன்னு."

காவலர் இவளைத் திரும்பிப் பார்த்தார். இவள் தரையைப் பார்த்தாள்.

"கணவாய்ல நம்ம பிள்ளைங்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. கால் வலிக்க வலிக்க, ஒரு வருஷமா. அவங்க இடத்தை விட்டுட்டு ஓடச் சொல்லி நான் கேக்கலை. இன்னும் நூறு பேரைக் கொண்டுபோய் அதே பிரேக்கு மேல நிறுத்தாதீங்கன்னு கேக்கறேன். அவங்க பிடிச்சிருக்கிற நேரத்துல நாம செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. நாம இன்னும் வண்டிய விட்டே இறங்கலை! உள்ள உக்காந்து ஹாரன்தான் அடிச்சிட்டிருக்கோம். யார் முதல்ல பின்னாடி போறதுங்கறது அப்புறம். முதல்ல யாராவது ஒருத்தர் இறங்கட்டும். பேசப் போற குழுவை அனுப்பிட்டு, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் இந்தத் தீர்மானத்தை ஓரமா நிறுத்தி வைங்க. வேற யாரும் போகலைன்னா நான் போறேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு இறங்கிப் பழக்கமாயிடுச்சு."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் தட்டினார். காவலர் மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க வீட்டுச் சின்னவன் அங்கதாம்மா இருக்கான்" என்றார். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. வெகு சில ஓட்டு வித்தியாசத்தில்தான். அப்பா கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்காமலே வெளியே வந்தார். அவமானமா என்று பார்த்தால், அழுதிருந்தார்.

மேடம் படியிறங்கி வந்ததும் அவள் ஓடிப்போய், "மேடம், மன்னிச்சிடுங்க" என்றாள்.

"எதுக்கு? நேத்து பூரா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்த்ததெல்லாம் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோச்சு. கையில தாள் இருந்துச்சு, படிச்சுட்டேன். நல்ல நேரத்துல மிதிச்ச." மேடம் அவள் காலைக் குனிந்து பார்த்தார். "இந்தக் காலுக்கு நாடே கடன்பட்டிருக்கு. யார்கிட்டயும் சொல்லாத, அப்புறம் கொறடா வேலைக்கு உன்னைக் கூப்பிட்டுடுவாங்க."

பேச்சுவார்த்தை உடனே பாலும் தேனுமாக ஓடவில்லை. முதல் கூட்டத்தில் நாற்காலிகளை எப்படிப் போடுவது என்பதிலேயே ஒரு நாள் போயிற்றாம். குழுவோடு போன மேடம், அங்கிருந்து போன் செய்து, "ரெண்டு பக்கமும் யாருக்குமே ரிவர்ஸ் தெரியலை டீச்சரம்மா. நான்தான் சொல்லிக்கொடுத்துட்டிருக்கேன்" என்றார். ஆனால் கணவாயில் துப்பாக்கிச் சத்தம் நின்றது. காயம்பட்டவர்களை முதலில் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் முறைவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க, மலைப்பாதையில் ஒரு நேரத்துக்கு ஒரு லாரியாக ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அப்படி அவர்களை ஏற்றி வரப் போன லாரிகளில் ஒன்றை நிதானமே ஓட்டினான். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டே வந்தார்களாம். அதைத்தான் அவன் பெருமையாகச் சொன்னான்.

கல்யாணம் குறித்த நாளைவிட இரண்டு மாதம் தள்ளி நடந்தது. பதிவு அலுவலகத்து வாசலில் மஞ்சள் வண்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் மேடம். உரிமம் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முன்னால் பக்கத்து இருக்கையில் அப்பா, வாசகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தார். மணமக்கள் பின்னால் ஏறினார்கள்.

"சாலையில கூட்டம் ஜாஸ்தி மேடம், பார்த்து" என்றாள் பிரேக்கு.

"கல்யாணப் பொண்ணு வாயை மூடிக்கிட்டு வரணும்" என்றார் மேடம். வண்டியைப் பின்னால் எடுத்தார். கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கோடு போட்டாற்போல நேராக.

முதல் வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. டம்! காலுக்குக் கீழே பிரேக் இல்லை, வெறும் தரைதான். ஆனால் மேடம் அதற்கு முன்பே மெதுவாக்கியிருந்தார். சைக்கிள்காரர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நிதானம் சிரித்தான். தன் காலை எடுத்து அவள் கால் மேல், வலிக்காமல், மெத்தென்று வைத்தான்.

"விடு. அவங்க பார்த்துக்குவாங்க."

அடுத்த சிவப்பு விளக்கில் அந்தக் கால் அசையவே இல்லை.